பிரேக் பைப்பில் துரு: கிளிப்புக்கு அடியில் பாருங்கள்

அன்றாட ஓட்டத்தில் பிரேக்கை மிதிக்கும்போது, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பைப்புக்குள் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் 20, 30 பார் அளவிலேயே நின்றுவிடும். யாராவது திடீரென்று குறுக்கே வந்து முழுப் பலத்தோடு மிதிக்கும்போது அது 100 பாரையும் தாண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவால் மெலிந்த பைப் முதல் வகை மிதியை மாதக்கணக்கில் தாங்கும். கிழிவது இரண்டாவது வகை மிதியில்தான். பிரேக் உயிர்போகிற அவசரத்துக்குத் தேவைப்படும் அந்த ஒரு நொடியில்தான் பைப் கைவிடும். அதனால் 'இத்தனை நாள் ஓடியதே' என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இன்றைய கார்களில் பிரேக் அமைப்பு இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்திருக்கும். சில வண்டிகளில் முன்சக்கரங்கள் ஒரு பாதை, பின்சக்கரங்கள் ஒரு பாதை. பலவற்றில் குறுக்குவாட்டில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் சேர்ந்து ஒரு பாதை. ஒன்று கிழிந்தால் மற்றது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் பெடல் சட்டென்று பாதி தூரம் கீழே இறங்கும், நிற்கும் தூரம் வெகுவாகக் கூடும், அந்தத் திகைப்பில் பலர் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிப்பார்கள். இரண்டாவது பாதை இருக்கிறது என்ற தைரியத்தில் துருப்பிடித்த பைப்பை விட்டுவைக்கக் கூடாது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

கம்பெனியிலிருந்து வரும் பைப் பெரும்பாலும் இரும்புதான். மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்று சுருட்டி, செம்பு உருக்கி ஒட்டி, மேலே துத்தநாகப் பூச்சும் அதற்கு மேல் பிளாஸ்டிக் பூச்சும் கொடுத்திருப்பார்கள். வெளி விட்டம் வழக்கமாக 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். சுவரின் தடிமன் சுமார் 0.7 மி.மீ. மட்டுமே. மேல்பூச்சு முழுசாக இருக்கும்வரை இந்தப் பைப் பல ஆண்டு தாங்கும். ஒரு கல் தெறித்து ஓர் இடத்தில் பூச்சு உரிந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்து பூச்சுக்கு அடியிலேயே இரண்டு பக்கமும் ஊர்ந்துபோகும்.

ஆகவே கண்ணுக்கு எளிதில் தெரியும் நீளத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். காற்றுப் படும் இடம் நனைந்தாலும் காய்ந்துவிடும். காயாத இடங்கள்தான் முதலில் அழுகும். பைப்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கு உள்ளே, பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், பின் ஆக்சிலுக்கு மேலே சேறு படியும் மூலை, சக்கரத்துக்குப் பின்னால் பைப் உள்நோக்கி வளையும் இடம், ரப்பர் ஓஸில் சேரும் பிராக்கெட், நட்டுக்குள் பைப் நுழையும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர். கடற்காற்று அடிக்கும் ஊரிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டிலும் வண்டி ஓடியிருந்தால் இந்த இடங்கள் வயதுக்கு முன்பே கெட்டிருக்கும்.

பார்ப்பதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையிலேயே இருக்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துத் துருவைத் தேய்க்கும்போது அது நேராகக் கண்ணில்தான் விழும்.

முதலில் சேற்றைத் தண்ணீரும் பிளாஸ்டிக் சீவுளியும் கொண்டு எடுங்கள். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம். நல்ல பைப்பின் பூச்சையும் அது கிழித்துவிடும். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை டார்ச் வெளிச்சத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். கைக்கு எட்டாத டேங்கின் மேல்பக்கத்தைச் சிறு கண்ணாடியாலோ போன் கேமராவாலோ பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படுவது பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பூச்சு உப்பலாக இருந்தால் உள்ளே துரு வளர்கிறது என்று பொருள். மேலே வழவழப்பாக, கறுப்பாக, புதுசு போலவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் மொறுமொறுவென்று உடைந்து பழுப்புப் பொடி கொட்டும்.

கிளிப்புகளைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கிளிப்பின் இரு பக்கமும் பளபளப்பாக இருக்கும் பைப், கிளிப்பைத் திறந்ததும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மாநிறப் படிவத்தோடு இருக்கும். அந்தப் படிவத்தை மெல்லிய எமரி பேப்பரால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் கதை தெரிந்துவிடும். துரு போய் அடியில் வழவழப்பான உலோகம் வந்தால் அது மேல்துரு. சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பெயின்ட் அல்லது மெழுகுப் பூச்சு கொடுத்து, தேதி குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். தேய்த்த பிறகும் ஊசியால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால், அல்லது துரு செதில் செதிலாகப் பெயர்ந்து பைப் அங்கே ஒல்லியாகத் தெரிந்தால், அது குழித்துரு. அந்தப் பைப் மாற்ற வேண்டியது.

சுவரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் கால் மில்லிமீட்டர் போயிருந்தால் மாற்ற வேண்டும் என்பது வாகனச் சோதனையில் பின்பற்றும் ஓர் அளவுகோல். குழித்துருவின் ஆழத்தை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு துல்லியமாக அளக்க முடியாது. குழி கண்ணுக்குத் தெரிகிறதென்றாலே அந்தக் கால் மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. ஈரக் கசிவு, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசி, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைவது, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பைப்பை மாற்றும்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

ஒரு பைப் கெட்டிருந்தால் அதன் பக்கத்தில் ஓடும் பைப்பும் அதே வயது, அதே சேறு, அதே உப்பு. பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு பைப்பில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே கிளிப்பில் திருப்பி மாட்டுவது கூலியை இரண்டு தரம் கொடுப்பதற்குச் சமம். சேர்த்தே மாற்றுங்கள்.

எந்தப் பைப், எந்த நட்டு

மாற்றுக்கு மூன்று வகை கிடைக்கும். பூச்சிட்ட இரும்புப் பைப் பலமானது, ஆனால் வளைக்கவும், கசியாமல் உட்காரும்படி முனையை மலர்த்தி விரிக்கவும் கடினம். வெறும் செம்பு சுலபமாக வளையும். ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி, விறைத்து, வெடிப்பு விடக்கூடியது. பல இடங்களில் சோதனையில் ஏற்பதில்லை. நாங்களும் அதைப் பரிந்துரைப்பதில்லை. செம்பு நிக்கல் கலவைப் பைப்பில் சுமார் 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பு, மாங்கனீசு, மீதி செம்பு. துருவே பிடிக்காது, கையால் வளைக்கலாம், முனை அழகாக விரியும். வோல்வோ 1976-லேயே இந்தக் கலவையைக் கார்களில் போடத் தொடங்கியது. வீட்டிலோ சிறிய பட்டறையிலோ செய்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள்: வெறும் செம்பு நல்ல சிவப்பு, நிக்கல் கலந்தது கொஞ்சம் வெளிறியிருக்கும். சுருளின் மேல் கலவையின் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

7.6 மீட்டர், அதாவது 25 அடிச் சுருள் ஒன்று பொதுவாகப் பின்பக்கத்தின் இரண்டு நீள பைப்புக்குத் தாராளமாகப் போதும். அளவைச் சுருளை வாங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஒரு நூலையோ மெல்லிய கம்பியையோ பழைய பைப்பின் வளைவுகள்மேல் படியவைத்து அளந்தால் சரியான நீளம் வரும்.

பைப்பைவிடத் தவறு அதிகம் நடப்பது நட்டில். பெரும்பாலான கார்களில் மரை எம்10 (10 மி.மீ. விட்டம்), பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள தூரம், 1 மி.மீ. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் உள்வழியிலும் சில வண்டிகளில் எம்12, பிட்ச் 1. பழைய வண்டிகளிலும் சில நாடுகளின் வண்டிகளிலும் 3/8 அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இந்த 3/8 நட்டின் விட்டம் 9.5 மி.மீ., பிட்ச் 1.06 மி.மீ. அதை எம்10 துளையில் வைத்தால் லூசாக உள்ளே போகும், இறுக்குவது போலவும் தோன்றும். அழுத்தம் ஏறும்போது மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய நட்டை வைத்து ஒத்துப் பாருங்கள். விரலால் எளிதாக, ஆட்டமில்லாமல் சுழல வேண்டும்.

மரை சரியாக இருந்தாலும் பைப் முனையின் வடிவம் மாறினால் கசியும். பழைய நட்டைக் கழற்றியதும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஒரு கூம்பு மேடாக நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் புனல் போல உள்மடித்த இரட்டை முனை வேண்டும். அடி குழிந்திருந்தால் அதற்குக் குமிழ் முனை. குமிழ் முனை பைப்பின் வாயில் ஒரு சிறு காளான் தொப்பி போல இருக்கும். அதன் பின்பக்கம் தட்டையாக நட்டின் தட்டை முகத்தோடு பொருந்தும். இரட்டை முனைக்கான நட்டின் முகம் சரிவாக இருக்கும். ஒரே வண்டியில், ஒரே பைப்பின் இரு முனையில்கூட வடிவம் வேறாக இருக்கலாம். ஆகவே பழைய பைப்பின் இரண்டு முனைகளையும் வெட்டி, காகிதத்தில் ஒட்டி, எந்தப் பக்கம் எது என்று எழுதிவையுங்கள்.

கழற்றுவது

எதையும் வெட்டுவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் பிளீடர் திருகு, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு, அசைகிறதா என்று பாருங்கள். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். பைப்பை எல்லாம் மாற்றி முடித்த பிறகு ஏர் எடுக்கும் நேரத்தில் பிளீடர் முறிந்தால், அது பொருந்தியிருக்கும் காலிப்பரையோ (டிஸ்க் பிரேக்கில்) வீல் சிலிண்டரையோ (டிரம் பிரேக்கில்) தேடி வண்டி நடு வேலையில் நிற்கும். துருநீக்கி எண்ணெயைப் பிளீடர், நட்டு எல்லாவற்றிலும் இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே காலையும் மாலையும் விடுங்கள். அதற்கு முன் வயர் பிரஷால் நட்டையும், நட்டுக்குள் பைப் போகும் இடத்தையும் துலக்குங்கள். எண்ணெய் மரைக்குள் இறங்க வழி வேண்டும்.

பிரேக் ஆயில் எல்லாம் கொட்டாமல் இருக்க ஒரு வழி: பெடலை நான்கைந்து சென்டிமீட்டர் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னே நகர்ந்து டப்பாவிலிருந்து வரும் துளையை மூடிவிடும். பைப்பை அவிழ்த்தாலும் ஆயில் கொட்டிக்கொண்டே இருக்காது. பெடல் அழுத்தியபடி இருப்பதால் பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும், பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் இப்படிப் பெடலுக்கு முட்டுக் கொடுக்காமல் தொடங்கவே கூடாது. யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் அதை வெளியேற்ற ஸ்கேனர் கொண்டு பம்பையும் வால்வையும் இயக்க வேண்டிவரும்.

நட்டைக் கழற்ற ஓப்பன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். 10 அல்லது 11 மி.மீ. நட்டு சின்னது, மிருது. ஓப்பன் ஸ்பேனர் இரண்டு மூலையைத்தான் பிடிக்கும், ஒரே இழுப்பில் உருண்டையாக்கிவிடும். பைப் நுழைய ஒரு பக்கம் வெட்டுள்ள ரிங் ஸ்பேனர் வேண்டும், அதுவும் ஆறு முனை உள்ளது. முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு அசைத்து, பிறகு லூஸ் செய்யுங்கள். ஒரு கால் சுற்று வந்ததும் நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

முறுக்கினால் கவலை வேண்டாம், எப்படியும் மாற்றப்போகும் பைப்தான். நட்டுக்கு ஒட்டினாற்போல் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு முனை ஆழமான பாக்ஸ் ஸ்பேனரைத் தலைமேல் முழுசாக மாட்டித் திருப்புங்கள். வெட்டு ரிங் ஸ்பேனரால் வராத நட்டு பத்தில் எட்டு இப்படி வந்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் பக்கம் வெட்டினால் ரப்பர் மூடி போட்டு உடனே அடைத்துவிடுங்கள். சூடு காட்டுவதாக இருந்தால் ரப்பர் ஓஸும் பெட்ரோல் பைப்பும் அருகில் இல்லாத இடத்தில் மட்டும். பிரேக் ஆயில் சூட்டில் தீப்பிடிக்கும்.

ரப்பர் ஓஸோடு சேரும் நட்டில் இன்னொரு எச்சரிக்கை. நட்டைத் திருப்பும்போது ஓஸின் அறுகோண முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ஓஸ் முறுக்கிக்கொண்டால் உள்ளே கிழிந்து, வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓஸும் வெடிப்பு விட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

பழைய பைப்பைக் கூடுமானவரை வளையாமல் முழுசாக வெளியே எடுங்கள். அதுதான் புதிய பைப்புக்கு அச்சு. முழுசாக வராது என்றால் வெட்டுமுன் பல கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். டேங்கின் மேலே ஓடும் பைப்புக்கு டேங்கை இறக்க வேண்டியிருக்கும்; எரிபொருள் கிட்டத்தட்டத் தீர்ந்த நிலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். டேங்கை இறக்க மனமில்லாமல் பைப்பை வேறு வழியில் இழுப்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்டிலிருந்தும் அசையும் பாகத்திலிருந்தும் நல்ல தூரம், கல் படாத மறைவு, பிடிப்புக்குக் கிளிப், இவை மூன்றும் புது வழியிலும் கிடைக்கும் என்றால் மட்டுமே அது சரி.

வெட்டி, விரித்து, வளைப்பது

ரம்பத்தால் வெட்டாதீர்கள். தூள் உள்ளே போகும், வெட்டும் கோணலாகும். சின்ன பைப் கட்டரை மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமே இறுக்கி, பொறுமையாக வெட்டுங்கள். அவசரப்பட்டு இறுக்கினால் பைப் வாய் உள்நோக்கி நசுங்கும். வெட்டிய வாயை அரத்தால் ஒரு முறை சமன்செய்து, உள்விளிம்புப் பிசிறையும் வெளிவிளிம்புப் பிசிறையும் எடுங்கள். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு பிசிறு எடுத்தால் தூள் உள்ளே போகாது.

இப்போது நட்டைப் பைப்பில் ஏற்றுங்கள். இரண்டு நட்டையும் ஏற்றுங்கள். மரைப் பக்கம் அந்தந்த முனையைப் பார்க்க வேண்டும். முனையை அருமையாக விரித்துவிட்டு நட்டு மேசையில் கிடப்பதைப் பார்ப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் வீணடிப்பு. பழைய பைப்பில் சுருள் கம்பிக் காப்பு இருந்தால் அதையும் இப்போதே ஏற்றுங்கள்.

விரிக்கும் கருவி வைஸில் பிடிக்கும் வகையாக இருந்தால் நல்லது. பட்டையில் பல துளை உள்ள மலிவுக் கருவியில் பைப் நழுவும். அப்படிப்பட்ட கருவிதான் இருக்கிறது என்றால், பைப் பட்டைக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை அச்சின் படி உயரத்தை வைத்து ஒத்துப் பாருங்கள். அதிகம் நீட்டினால் முனை மடிந்து கோணலாகும். குறைந்தால் விளிம்பு சிறுத்து நட்டு பிடிக்காது. பைப்பைப் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது, அச்சின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு பிரேக் ஆயில். முதல் அச்சு அழுத்தினால் குமிழ் முனை வரும். இரட்டை முனை வேண்டும் என்றால் அதன் பிறகு இரண்டாவது அச்சால் உள்நோக்கி மடிக்க வேண்டும். பூச்சிட்ட இரும்புப் பைப்பானால் பிளாஸ்டிக் பூச்சை முனைக்குத் தேவையான நீளத்துக்கு மட்டும் சீவிவிட்டு விரியுங்கள்.

வேண்டாத துண்டில் ஐந்தாறு முனை செய்து பழகிவிட்டு அசல் பைப்பைத் தொடுங்கள். செய்த முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 4.75 மி.மீ. பைப்பின் குமிழ் சுமார் 7 மி.மீ. அகலம் வரும். சுற்றிலும் ஒரே அகலமா? நடுத்துளை நடுவில் இருக்கிறதா? ஒரு பக்கம் அகலமும் மறு பக்கம் ஒல்லியுமாக இருந்தால் வெட்டு கோணலாக இருந்தது. விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் பிசிறு எடுக்காமல் விரித்திருக்கிறோம். உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால் அச்சில் தூள் இருந்தது. மூன்றில் எது இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். 'இறுக்கினால் சரியாகிவிடும்' என்று மாட்டும் முனை, இறுக்க இறுக்கக் காலிப்பரின் அடிமுகத்தையும் கெடுத்துவிடும். பிறகு நல்ல முனையும் அங்கே உட்காராது.

சுருளை நேராக்கும்போது மேசையில் வைத்து மரப்பலகையால் உருட்டுங்கள். முன்னும் பின்னுமாக ஒரே இடத்தை வளைத்துக்கொண்டிருந்தால் உலோகம் இறுகிவிடும். வளைப்பதற்குக் கையடக்கக் கருவி அல்லது 30 மி.மீ. அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனரின் உருண்டை போதும். வளைவின் ஆரம் 15 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். நசுங்கிய பைப்பை நேராக்கிப் பயன்படுத்தவும் வேண்டாம். முனையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விடுங்கள், இல்லையென்றால் நட்டு பின்னால் நகராது. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பழைய பைப்பில் ஒரு சுருளோ இரண்டோ இருந்தால் புதியதிலும் போடுங்கள். இன்ஜின் அதிர்வையும் பாடியின் அசைவையும் வாங்கிக்கொள்ள வைத்த சுருள் அது, இடம் மிச்சம் என்று வைத்ததல்ல.

நடுவில் ஒட்டுப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். முழு நீளம் மாற்றுவதுதான் எங்கள் பரிந்துரை. முன்பாதி நன்றாக இருக்கிறது என்று பின்பாதியை மட்டும் மாற்றினால், இருபக்கமும் விரித்த முனையும் நட்டும் கொண்ட இணைப்பைத்தான் போட வேண்டும், அதுவும் நேரான, கைக்கு எட்டும், வெளியில் தெரியும் இடத்தில். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது போல வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் இணைப்பை பிரேக்கில் எந்த நிலையிலும் போடக் கூடாது. அந்தப் பிடிப்பு 100 பாருக்காகச் செய்ததல்ல.

மாட்டுவது

முடிந்த பைப்புக்குள் காற்று ஊதி, கொஞ்சம் புது பிரேக் ஆயிலை விட்டுக் கழுவி, இரு முனையையும் மூடிக்கொண்டு வண்டிக்கு எடுத்துப்போங்கள். முதலில் இரு முனையிலும் நட்டை விரலால் மூன்று நான்கு மரை ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் பைப் கோணலாக நிற்கிறது. பைப்பைச் சரிசெய்யுங்கள், ஸ்பேனரைத் தொடாதீர்கள். குறுக்கு மரை ஏறினால் துளையிலுள்ள பித்தளை மரையோ அலுமினிய மரையோ அங்கேயே போய்விடும். முனைகள் உட்கார்ந்த பிறகு கிளிப்புகளை மாட்டி, கடைசியில் நட்டை இறுக்குங்கள். கிளிப்பை முதலில் மாட்டினால் பைப்புக்கு நகர இடமில்லாமல் போகும்.

மரையில் டெஃப்லான் டேப், சீலன்ட் எதுவும் வேண்டாம். அடைப்பது முனையின் உட்காரும் முகம்தான். மரை அதை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவே. எம்10 நட்டுக்கு வழக்கமாக 12 முதல் 16 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மணிக்கட்டால் இறுக்குவது போதும், தோள் பலம் வேண்டாம்.

கிளிப்புகள் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கட்டும். பைப் கூர்மையான தகட்டு விளிம்பைத் தொடக் கூடாது, உரசும் இடத்தில் ரப்பர் காப்பு போடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பியும், சஸ்பென்ஷன் தொங்கும் நிலையிலும் இறங்கிய நிலையிலும் ஓஸ் எதிலும் இழுபடவில்லையா என்று பாருங்கள்.

ஏர் எடுப்பதும் சோதிப்பதும்

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் டாட் (DOT) தர எண் கொண்ட ஆயிலையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. டாட் 5 சிலிக்கோன், இவற்றோடு கலக்கவே கூடாது. புதிதாக உடைத்த பாட்டிலில் டாட் 4-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் குறைந்தபட்சம் 155 டிகிரியாக இருந்தால் போதும் என்பதே தரக்கணக்கு. திறந்து நெடுநாள் ஆன பாட்டிலை எடுக்காததற்குக் காரணம் இதுதான். ஒரு லிட்டர் வைத்துக்கொண்டால் நான்கு சக்கரமும் முடித்துவிடலாம். பெயின்டில் கொட்டினால் துடைக்காமல் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

முட்டுக் கட்டையை எடுத்துவிட்டுக் கையேட்டிலுள்ள வரிசைப்படி தொடங்குங்கள். பல வண்டிகளில் தூரத்துச் சக்கரம் முதலில். குறுக்குப் பாதை வண்டிகளில் வரிசை மாறலாம். தெளிவான டியூபை பிளீடரில் மாட்டி மறு முனையை ஆயிலுள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். மெதுவாக மிதிக்க, பிளீடரைத் திறக்க, குமிழ் வர, பெடல் அடியைத் தொடும் முன் மூட, பிறகே காலை எடுக்க. பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். வயதான மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் எப்போதும் போகாத தூரம்வரை போனால், உள்ளே உள்ள துரு சீலைக் கிழித்துவிடும். பைப்பை நன்றாக மாற்றிய பிறகு மாஸ்டர் சிலிண்டர் போகும் பலவற்றுக்கு இதுவே காரணம். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் குறையக் கூடாது.

பின்சக்கரத்தில் ஆயிலே வரவில்லையா? பின் ஆக்சில் பாரத்தைப் பார்த்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும் வண்டியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தால் வால்வு மூடிக்கொள்ளும். ஆக்சிலைத் தாங்கித் தூக்கிவைத்து ஏர் எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் காகிதம் காட்டிவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மிதித்தபடியே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவது கசிவு. பஞ்சு போலத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. கசியும் நட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம். அப்போதும் நிற்கவில்லை என்றால் மேலும் இறுக்காமல் கழற்றி முனையைப் பாருங்கள்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் காகிதத்தோடு மறுபடி ஒரு முறை வண்டிக்கு அடியில் போங்கள். எல்லா நட்டும் உலர்ந்திருந்தால் அவற்றின் மேலும் பிளீடர்களின் மேலும் மெழுகுப் பூச்சை அடித்து, பிளீடருக்கு ரப்பர் தொப்பி மாட்டி, மாற்றிய தேதியையும் எந்தெந்தப் பைப் என்பதையும் வண்டிப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.